உக்கிராணப் பூட்டு: பிசுக்கை நீக்கிய பின் எஃகைத் துருவிடமிருந்து காத்த முறை

எஃகின் மேல் ஏறிய பழைய எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது பெரிய வேலை அன்று. மண்ணெண்ணெயும் பொறுமையும் இருந்தால் யாரும் செய்துவிடலாம். பிசுக்கு போன பிறகு, புதிய எண்ணெய் ஏறும் வரையில், அந்த எஃகு வெறும் உலோகமாகக் காற்றில் நிற்கிற சிறிது நேரத்தைத் துருவுக்குக் கொடுக்காமல் கடத்துவதுதான் உண்மையான வேலை. மாலையில் பளபளவென்று கழுவி வைத்த உறுப்புகள் காலையில் மஞ்சள் பூத்துக் கிடப்பதைப் பட்டறைகளில் பார்த்தவர்களுக்கு இது புரியும். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் உக்கிராண அறைப் பூட்டை (சாமான்கள் வைக்கும் அறையின் பூட்டை), ஐப்பசி மழையின் ஈரத்துக்கு நடுவே, கழற்றிக் கழுவி மீண்டும் பூட்டிய முறையை இங்கே எழுதி வைக்கிறேன். பூட்டு என்றில்லாமல் தையல் மெஷின், கிணற்றுக் கப்பி, பட்டறைக் குறடு, பழைய இரும்புப் பெட்டி என எதற்கும் இந்த வரிசை பொருந்தும்.

அது தேக்குக் கதவின் உட்புறத்தில் திருகுகளால் பொருத்தப்பட்ட பெட்டிப் பூட்டு. எஃகுத் தகட்டால் ஆன கூடு. அதற்குள் கதவு நிலைக்குள் சென்று மாட்டும் தடித்த நாக்கு. நாக்கைப் பிடித்து வைக்கும் லீவர்கள். ஒவ்வொரு லீவரையும் கீழே தள்ளிப் பிடிக்கும் மெல்லிய பட்டை ஸ்பிரிங். வெளியே பித்தளைச் சாவித்துளை மூடி. சாவி பாதி சுற்றில் நின்றுவிட்டது. வீட்டுக்கார ஆச்சி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, தையில படைப்பு (முன்னோருக்குச் செய்யும் குடும்ப வழிபாடு) இருக்கு. சாமான் செட்டெல்லாம் உள்ளதான் கெடக்கு. கதவ ஒடைக்காமத் தெறந்து குடுங்க." இதற்கு முன் பூட்டில் என்னென்ன ஊற்றினார்கள் என்று கேட்டேன். "எங்க ஐயா காலத்துல வெளக்கெண்ணெய். அப்புறம் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய். வர்றவுக ஆளுக்கு ஒண்ண ஊத்துவாக. ஒருக்கா கார் டிரைவர் கிரீஸ் வச்சு அடைச்சாரு" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பெரிய உதவி. ஏனென்றால் பிசுக்கு என்று ஒரே பெயரால் நாம் அழைப்பது உண்மையில் இரண்டு வேறு பொருள்கள். மெஷின் எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றின் அடிப்படை கனிம எண்ணெய்; அது மண்ணெண்ணெய், டீசல், டர்பன்டைன் போன்ற கரைப்பான்களில் எளிதில் கரையும், ஆனால் காரத்தில் சோப்பாக மாறாது. நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு நாளடைவில் வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, வார்னிஷைப் போல இறுகிவிடும். அப்படி இறுகிய பின் மண்ணெண்ணெயில் எத்தனை நேரம் ஊற வைத்தாலும் முழுதாகக் கரையாது; அதைச் சூடான காரக் கரைசல்தான் உடைத்துச் சோப்பாக்கி நீரில் இழுத்து வரும். ஒன்றை மட்டும் பயன்படுத்துபவர்கள் பாதி வேலையோடு நிற்பதற்குக் காரணம் இதுதான். இந்தப் பூட்டில் இரண்டும் அடுக்கடுக்காக இருந்ததால் இரண்டு கழுவலும் தேவைப்பட்டன.

சாவித்துளை வழியாக மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரவு முழுவதும் ஊற விட்டதில், மறுநாள் சாவி மெல்ல மெல்ல முன்னும் பின்னும் அசைந்து கடைசியில் சுற்றியது. இந்தக் கட்டத்தில் சாவியை வலுவாகத் திருகக் கூடாது. பழைய சாவியின் பல் முறிந்தால் அதற்கு மாற்றுச் சாவி அராவுவது பூட்டைச் சரிசெய்வதைவிடப் பெரிய வேலை.

கூட்டைத் திறந்ததும் எதையும் எடுக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்தேன். பிறகு லீவர்களை எடுத்த வரிசையிலேயே நூலில் கோத்து வைத்தேன். லீவர்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் சாவியின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒவ்வொன்றின் வயிற்று வளைவு வேறு. இதே காரணத்தால்தான் லீவர்களின் மேல் உப்புத்தாளையோ அரத்தையோ தொடவிடக் கூடாது. தேய்ந்த இடத்தில் சாவிக்கும் லீவருக்கும் உள்ள பொருத்தம் போய்விடும், பூட்டு பிறகு ஒருபோதும் நம்பத் தகுந்ததாக இராது.

மேலடுக்கு கறுப்பாக, விரலில் ஒட்டும் பசையாக இருந்தது: கிரீஸும் தேக்குத் தூளும் தெருப் புழுதியும் கலந்தது. அதை மூங்கில் சிம்பால் வழித்தெடுத்தபோது கீழே தேன் நிறத்தில், நகம் வைத்தால் பதியாத, கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு தெரிந்தது. நாக்கு ஓடும் தடத்தின் இருபுறமும் அது மேடு கட்டி நின்றது. சாவி பாதியில் நின்றதற்குக் காரணம் துரு அன்று, இந்த மேடுதான். பித்தளை மூடியின் விளிம்பைச் சுற்றிப் பச்சை நிறப் பசை ஒன்று கசிந்திருந்தது. கெட்டுப்போன எண்ணெயில் உண்டாகும் கொழுப்பு அமிலம் பித்தளையிலுள்ள செம்பைத் தின்று உண்டாக்கும் செம்புச் சோப்பு அது. தேங்காய் எண்ணெய் நல்லெண்ணெயைப் போல இறுகுவதில்லை என்றாலும், அதைப் பூட்டில் விடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இந்தப் பச்சை போதுமான சாட்சி.

முதலில் உலர்ந்த நிலையிலேயே எவ்வளவு வழிக்க முடியுமோ அவ்வளவையும் வழித்துவிட வேண்டும். பழைய வேட்டித் துணியால் துடைத்தெடுத்த கிரீஸ், பிறகு கழுவும் எண்ணெயில் கரைந்து மற்ற உறுப்புகளின் மேல் மீண்டும் படியாது. அதன் பின் இரண்டு தகரக் கிண்ணங்களில் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டேன். முதல் கிண்ணத்தில் பித்தளைக் கம்பி பிரஷால் தேய்த்து, இரண்டாவதில் அலசி எடுப்பது. முதலாவது கறுத்துப்போனால் இரண்டாவதை முதலாவதாக்கி, புதிதாக ஒன்றை ஊற்றுவது. கடைசியாக உறுப்பைத் தொடும் எண்ணெய் எப்போதும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே இதில் உள்ள ஒரே விதி. மண்ணெண்ணெய் கிடைக்காத ஊரில் பெயிண்ட் கடை டர்பன்டைன் போதும். பட்டறைகளில் டீசலில் கழுவுவார்கள். அது அழுக்கை எடுக்கும், ஆனால் மண்ணெண்ணெயைவிடக் கனத்த படலத்தை விட்டுச் செல்வதால் அடுத்த கட்டத்தில் கூடுதல் வேலை வைக்கும். பெட்ரோலை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. நம் ஊர் வெயிலில் மட்டுமல்லாமல் உறைபனியிலும்கூட அதன் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்கு எழும்பும். ஆவி தரையோடு தரையாகப் படர்ந்து அடுப்பங்கரை வரை செல்லும். மண்ணெண்ணெயும் எரியக்கூடியதுதான் என்பதால் முகப்புத் திண்ணையில், விளக்கும் அடுப்பும் இல்லாத பக்கமாக, காற்றோட்டத்தில் உட்கார்ந்து செய்தேன்.

இந்தக் கழுவலோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உறுப்புகள் சுத்தமாகத் தெரியும், துருவும் பிடிக்காது. ஏனென்றால் மண்ணெண்ணெயின் மெல்லிய படலம் இன்னும் மேலே இருக்கிறது. ஆனால் அந்தப் படலத்தின் கீழே தேன் நிற அடுக்கு அப்படியே இருந்தது. அதற்குச் சலவைச் சோடா. ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 50 கிராம் சோடாவும், பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகளும் சேர்த்து, கை பொறுக்காத சூட்டில், கொதிக்க விடாமல், எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற வைத்தேன். அலுமினியப் பாத்திரம் ஆகாது. சோடாக் கரைசல் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். துத்தநாகம் பூசிய உறுப்புகள் இருந்தால் அவற்றையும் தனியே எடுத்துவிட வேண்டும். இந்த வேலைக்குக் காஸ்டிக் சோடா தேவையே இல்லை. ஆலைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை, ஆனால் கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வை போகும். சலவைச் சோடாவுக்கும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்வதே நல்லது.

தண்ணீரில் எஃகைப் போடுகிறோமே, அங்கேயே துருப்பிடிக்காதா என்று ஆச்சியின் பேரன் கேட்டான். நல்ல கேள்வி. துரு என்பது அடிப்படையில் மின்வேதியியல் வினை: எஃகின் மேற்பரப்பில் ஓர் இடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது, பக்கத்திலேயே வேறோர் இடத்தில் நீரில் கரைந்த ஆக்ஸிஜன் அவற்றை எடுத்துக்கொள்கிறது, இரண்டையும் இணைக்கும் பாலம்தான் ஈரப் படலம். அந்த நீர் போதுமான அளவு காரமாக இருந்தால் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்ஸைடு படலம் உண்டாகி, இரும்பு கரைவதை நிறுத்திவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல காலம் துருப்பிடிக்காமல் இருப்பதும் சிமெண்டின் காரத்தன்மையால்தான். எனவே சோடாத் தொட்டிக்குள் எஃகுக்கு ஆபத்து இல்லை; தொட்டியிலிருந்து எடுத்துச் சாதாரண நீரில் அலசும் கணத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

இந்த மின்வேதியியல் துறை நம் பகுதிக்கு அந்நியமானதும் அன்று. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். உலோக அரிமானம் அங்கே முதன்மையான ஆய்வுப் பொருள்களில் ஒன்று. உப்புக்காற்றில் உலோகங்கள் என்ன ஆகின்றன என்று பார்க்க மண்டபம் கடற்கரையிலும் அதற்கு ஓர் ஆய்வு மையம் உண்டு. பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் இருக்கும்போது, நம் வீட்டு இரும்பை நாம் குருட்டாம்போக்கில் கழுவ வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

பேரனுக்குச் சொல்லில் விளக்கியது போதாது என்று ஒரு சோதனையும் செய்தோம். அதே அளவுள்ள இரண்டு வெறும் எஃகுத் துண்டுகளை எடுத்து, இரண்டையும் சோடாவில் கழுவி, ஒன்றை வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசித் திண்ணையில் அப்படியே வைத்தோம். மற்றொன்றைச் சூடாக்கிய மழைநீரில், ஒரு சிட்டிகை சோடா போட்டு அலசி, உடனே துடைத்து வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் வைத்தோம். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது முதல் துண்டில் நீர்த்துளி நின்ற இடங்களிலெல்லாம், துளியின் நடுவே மஞ்சளும் அதைச் சுற்றிக் கலங்கிய வளையமுமாகத் துரு தொடங்கியிருந்தது. இரண்டாவது துண்டு சாம்பல் நிறம் மாறாமல் இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள குளோரைடு உப்புகள் மின்சாரம் ஓடும் பாதையை எளிதாக்குவதோடு, எஃகைக் காக்கும் ஆக்ஸைடு படலத்தையும் உடைக்கும். கடின நீராக இருந்தால் சோப்போடு சேர்ந்து வெள்ளை ஆடையாகவும் படியும். மழைநீரில் இந்த இரண்டும் மிகக் குறைவு.

நல்ல மழைநீருக்குச் செட்டிநாட்டு வீட்டில் பஞ்சம் இல்லை. வளவை, அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியைச் சுற்றி நாற்புறமும் உட்புறமாகச் சரியும் ஓட்டுக் கூரை, பெய்ததை எல்லாம் முற்றத்துக்கே கொண்டுவருகிறது. முதல் மழை கூரையின் தூசியைக் கழுவிச் செல்லட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு விழுந்த நீரைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் செம்பு அண்டா ஒன்று காலியாக நின்றது என்றாலும், செம்பின் சுவடு நீரில் கரைந்து எஃகின் மேல் படிவது துருவுக்கு உதவும் என்பதால் அதைத் தவிர்த்தேன்.

பிசுக்கு முற்றிலும் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு கருவியும் வேண்டாம். அலசிய உறுப்பைச் சாய்த்துப் பிடித்தால், சுத்தமான எஃகின் மேல் நீர் உடையாத ஒரே படலமாகப் பரவி வழியும். எங்கேயாவது படலம் பிளந்து நீர் முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. நாக்கின் அடிப்பக்கத்தில், ரிவெட் தலையைச் சுற்றி, நீர் திரும்பத் திரும்ப வட்டமாக விலகி நின்றது. ரிவெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கிலிருந்து பழைய எண்ணெய் சூட்டில் கசிந்துகொண்டிருந்தது. அந்த ஓர் உறுப்பை மட்டும் மீண்டும் மண்ணெண்ணெய்க்கும் சோடாவுக்கும் கொண்டு சென்றுதான் அந்த வட்டம் மறைந்தது. இதைச் சோம்பலால் விட்டுவிட்டால், மேலே மெழுகோ பெயிண்டோ பூசினாலும் அந்த இடத்தில் அது ஒட்டாமல் உரியும்.

இனி வேகம் வேண்டும். ஒரே நேரத்தில் எல்லா உறுப்புகளையும் அலசி வரிசையாக அடுக்கி வைக்கக் கூடாது. மற்றவை சோடாக் கரைசலிலேயே பாதுகாப்பாக இருக்க, ஒவ்வொன்றாக எடுத்து, அலசி, உலர்த்தி, எண்ணெய் ஏற்றிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். சூடான நீரில் அலசுவதன் பயன் இங்கே தெரியும்: உறுப்பு சூடாக இருப்பதால் துடைத்த பின் மிஞ்சிய ஈரம் தானே பறந்துவிடும். அடுத்து, கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒரு முறை துடைத்தேன். அது இடுக்கில் உள்ள நீரைத் தன்னோடு கலந்து வெளியே எடுத்துவிடும். சோடாவின் வெண்படலமும் துணியோடு வந்துவிடும். சிலர் அசிட்டோன் பரிந்துரைப்பார்கள். வறண்ட சித்திரையில் அது சரி. ஐப்பசி ஈரத்தில் அது அவ்வளவு வேகமாக ஆவியாகி எஃகைக் குளிரச் செய்துவிடுவதால், காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனியாகப் படிந்து, நாம் துரத்திய தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

உலர்த்துவதற்காக ஸ்பிரிங்குகளை அடுப்புத் தீயில் காட்டக் கூடாது. நிறம் மாறும் அளவுக்குச் சூடேறினால் அவற்றின் பதம் போய்விடும். வெயிலில் காய்ந்த தகரத்தின் சூடே போதும். வெறும் விரலாலும் எதையும் தொடக் கூடாது. வியர்வையில் உப்பு இருக்கிறது. கழுவிய எஃகைத் தொட்ட விரலின் ரேகை சில நாளில் துருவாக எழுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் எல்லா உறுப்புக்கும் ஒரே மருந்து என்பது தவறு. லீவர்களுக்கும் அவற்றின் அச்சுக்கும் தையல் மெஷின் எண்ணெய் தடவி, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்தேன்; கண்ணுக்குத் தெரியாத படலம் போதும், வழியும் அளவுக்கு இருந்தால் புழுதியைப் பிடித்து மறுபடியும் கறுப்புப் பசையாகும். நாக்கு கூட்டோடு உராயும் இரு பக்கங்களுக்கும் லித்தியம் கிரீஸ் மெல்லியதாக. கூட்டின் வெளிப்புறம் எதனோடும் உராயாது, ஆனால் கை அடிக்கடி படும் என்பதால் அங்கே எண்ணெய் நிற்காது. தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்துப் பூசி, டர்பன்டைன் பறந்த பிறகு துணியால் தேய்த்து மெருகேற்றினேன். டபிள்யூ.டி-40 போன்ற தெளிப்பான்கள் நீரை விலக்கப் பிறந்தவை. அவசரத்துக்கு, கழுவியதற்கும் எண்ணெய் ஏற்றுவதற்கும் நடுவே ஒரு பாலமாக, அவை நன்றாக உதவும். ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடக்கும் பூட்டை அவற்றின் மெல்லிய படலத்தை மட்டும் நம்பி விட முடியாது.

கூட்டின் உட்புற மூலையில் பிசுக்குக்குக் கீழே பழைய துருக்குழிகள் சில இருந்தன. புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கலாமே என்று ஆச்சி கேட்டார். பித்தளைக்குச் சரி, எஃகுக்கு வேண்டாம் என்றேன். அமிலம் துருவோடு நல்ல இரும்பையும் கரைக்கும். மெல்லிய பதமேற்றிய ஸ்பிரிங்கில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அதை முறியும்படி செய்துவிடவும் கூடும். அதற்குப் பதிலாகக் கடுக்காய்த் தூளை மழைநீரில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடித்த சாற்றைக் குழிகளின் மேல் மட்டும் பிரஷால் தொட்டு வைத்தேன். கடுக்காயின் டானின் துருவோடு சேர்ந்து கருநீல நிறச் சேர்மமாகி அங்கேயே இறுகும். அந்த வீட்டுச் சுவரின் வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சில் சேர்ந்திருப்பதும் இதே கடுக்காய்தான் என்று ஆச்சி சுவரைத் தடவிக் காட்டினார். சாறு காய்ந்ததும் அதன் மேலும் எண்ணெய் தடவ வேண்டும். டானின் படலம் தனியாக ஈரத்தைத் தடுக்காது.

நூலில் கோத்த வரிசையிலேயே லீவர்களை அடுக்கி, ஒவ்வொன்றையும் விரலால் உயர்த்திவிட்டு ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறதா என்று பார்த்து, கூட்டை மூடும் முன் சாவியைப் பல முறை சுற்றினேன். பின்னர்தான் கதவில் பொருத்தினோம். கதவிலேயே திருகு இறங்கும் ஓட்டைகளில் பழைய எண்ணெய் ஊறி மரம் மெத்தென்று ஆகியிருந்ததால், அவற்றில் தேக்குச் சிம்பு அடித்து இறுக்க வேண்டியிருந்தது.

கறுத்த மண்ணெண்ணெயை என்ன செய்வது என்பதும் இந்த வேலையைச் சேர்ந்ததுதான். வாசல் வாய்க்காலில் ஊற்றினால் மழையோடு அது ஊருணிக்குப் போய்ச் சேரும். மூடியுள்ள கேனில் தெளிய வைத்தால் மேலே நிற்கும் மண்ணெண்ணெயை அடுத்த முறை முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். அடியில் தங்கும் சேற்றைப் பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.

ஆச்சியிடம் ஒரு சிறிய புட்டி தையல் மெஷின் எண்ணெயைக் கொடுத்து, வீட்டைத் திறக்கும்போதெல்லாம் சாவியின் பல்லில் ஒரு சொட்டு மட்டும் தடவி, இரண்டு முறை சுற்றிவிட்டு, சாவியைத் துடைத்து வைத்தால் போதும் என்று சொன்னேன். சாவியைச் செய்தித்தாளில் சுற்றி வைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். தாள் ஈரத்தை உறிஞ்சி எஃகோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். "தேங்காய் எண்ணெய் ஆகாதா தம்பி?" என்று மறுபடியும் கேட்டார். அது தலைக்கும் சமையலுக்கும் இருக்கட்டும் ஆச்சி, பூட்டுக்கு இந்தப் புட்டிதான் என்றேன். புட்டியை உக்கிராணக் கதவின் உட்புற ஆணியிலேயே நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், அடுத்து வருபவர்கள் வேறு எதையும் தேடிப் போகாதபடி.